சிறு சங்கத் தளத்திற்கு எச்.டி.டி.பி.எஸ்.: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத் தளத்திற்கு வருமானம் எதுவும் இல்லை. தளத்திற்கும் வாசகருக்கும் இடையே செல்வதைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கும் எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் வேண்டுமாம். அதற்குப் பணம் கட்டியே ஆகவேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அனைவருக்கும் திறக்கப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பு இலவசமாகவே தருகிறது. சொந்த சர்வர் என்றால், சான்றிதழைப் பெற்றுப் புதுப்பிக்கும் செர்ட்பாட் என்ற மென்பொருளை நிறுவுங்கள். பகிர்வு ஹோஸ்டிங் என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே இவ்வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டொமைன் உங்கள் வசம் இருப்பதை உறுதிசெய்ய, செர்ட்பாட் உங்கள் தளத்தில் வைக்கும் ஒரு சிறு கோப்பை லெட்ஸ் என்கிரிப்ட் 80ஆம் போர்ட் வழியாக வந்து படிப்பதே வழக்கமான முறை. ஆகவே பாதுகாப்பு என்று எண்ணி அந்தப் போர்ட்டை மூடிவிடாமல், அதில் வருவோரை எச்.டி.டி.பி.எஸ். இயங்கும் 443ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: 90 நாளில் காலாவதியாகிவிடுகிறதே, நாள்காட்டியில் குறித்துவைத்துப் புதுப்பிக்கலாமா?

பதில்: கூடாது. நினைவாற்றலை நம்பும் தளம் ஒருநாள் எச்சரிக்கைத் திரையோடுதான் திறக்கும். காலாவதி பற்றி லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மின்னஞ்சல்களும் 2025 ஜூனில் நின்றுவிட்டன. 2029 மார்ச் முதல் புதிதாக வழங்கப்படும் எந்தப் பொதுச் சான்றிதழுக்கும் 47 நாளே உச்சவரம்பு. புதுப்பித்தலைத் தானியங்கியாக்கி, செர்ட்பாட்டின் வெள்ளோட்டக் கட்டளையால் (--dry-run) சோதியுங்கள். புதிய கோப்பு வந்தபின் வெப் சர்வர் அதை மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: விலைகொடுத்து வாங்கும் சான்றிதழில் மறையாக்கம் வலுவானதா?

பதில்: இல்லை. அந்த வலுவை உங்கள் சர்வரின் டி.எல்.எஸ். (மறையாக்க நெறிமுறை) அமைப்பே தீர்மானிக்கிறது.

கேள்வி: எங்கள் தளத்தில் லாகின் இல்லை, விழா அறிவிப்பும் இரங்கல் செய்தியும் மட்டுமே. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பதில்: மறைப்பது பாதி வேலைதான். நீங்கள் எழுதியது எழுதியபடியே வாசகரைச் சேர்வது மறுபாதி. மறையாக்கம் இல்லாத வெறும் எச்.டி.டி.பி.யில் நடுவிலுள்ள எந்த வலையமைப்பும் பக்கத்தில் விளம்பரத்தைச் செருகலாம். நன்கொடைக்கான வங்கிக் கணக்கு எண்ணையே மாற்றலாம்.

கேள்வி (மற்றொருவர்): மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டவர் சொல்வதே சரி. பழைய கைபேசி வைத்திருக்கும் முதியவர்களுக்குத் தளமே திறக்காமல் போகிறது. யாரும் மாற்றாத ஒரு கணக்கு எண்ணுக்காக அவர்களை வெளியே நிறுத்துவதா?

பதில்: உங்கள் கவலையை மதிக்கிறேன், அதற்கு அடிப்படையும் உண்டு. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கைபேசிகள் நம்பும் சான்றிதழ்களின் பட்டியலில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் (அது தரும் மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையானது) இல்லை. சர்வர் பதிவேட்டில் அத்தகைய வாசகர்கள் கணிசமாக இருந்தால், பழைய மூலச் சான்றிதழ் உடைய வேறொரு நிறுவனத்திடம் விலைகொடுத்து வாங்குங்கள். வாங்குவதற்கு நான் ஏற்கும் காரணம் இது ஒன்றே. ஆனால் மறையாக்கத்தையே கைவிடுவதை ஏற்கமாட்டேன்: எண்ணை நடுவில் மாற்றினால் வாசகருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, எனவே "யாரும் மாற்றாத" என்று உறுதிகூற உங்களிடம் வழியில்லை. எச்சரிக்கையைப் பார்த்துப் பின்வாங்கும் முதியவர் உங்களுக்குத் தொலைபேசியிலாவது சொல்வார்.

கேள்வி: பணம் கட்டிய சான்றிதழ்தானே பாதுகாப்பு?

பதில்: மூன்றாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சான்றிதழ் போட்டும் சில படங்கள் வரவில்லை.

பதில்: அவற்றின் முகவரிகள் எச்.டி.டி.பி. என்றே தொடங்குகின்றனவா என்று பாருங்கள், மாற்றினால் சரியாகலாம். புதுப்பித்தல் தானாக நடக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள்.

கேள்வி: எங்கள் தளத்தை இனி எச்.டி.டி.பி.எஸ். வழியாக மட்டுமே திறக்கும்படி உலாவிக்குச் சொல்லும் எச்.எஸ்.டி.எஸ். உடனே போடலாமா?

பதில்: முதலில் சில நிமிடக் கெடுவோடு தொடங்கி, துணை டொமைன்கள் உட்பட எல்லாம் சீராக இயங்கினால் படிப்படியாக நீட்டுங்கள். எச்.எஸ்.டி.எஸ். தளங்களை உலாவிகளுக்குள்ளேயே பதித்துவைக்கும் முன்பதிவுப் பட்டியலில் மட்டும் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். அதிலிருந்து விலகியது எல்லா வாசகரையும் சென்றடைய மாதங்கள் ஆகும். புதுப்பித்தல் ஒருமுறையாவது தானாக நடந்து முடியும்வரை எச்.எஸ்.டி.எஸ்.ஐத் தொடவே வேண்டாம்.