2013 டெட் சான்றிதழ் இன்றும் செல்லும், சகோதரி

குழந்தைகளுக்காக வேலையை விட்டவர், இப்போது திருமங்கலம் பக்கம் மறுபடி பாடம் எடுக்க நினைக்கிறீர்கள். 2013 டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) சான்றிதழில் ‘ஏழு ஆண்டுகள்’ மட்டும் செல்லும் என்று இருக்கிறதே, திரும்ப எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். 2021 ஜூனில் மத்திய கல்வி அமைச்சகம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. 2011 முதல் தேறிய எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்கச் செல்லும். இடையில் வேலை பார்க்காததால் அது பறிபோகாது, கவலையை விடுங்கள்.

எந்தத் தாள் என்று மட்டும் பாருங்கள்: முதல் தாள் என்றால் ஐந்தாம் வகுப்பு வரை, இரண்டாம் தாள் என்றால் ஆறு முதல் எட்டு வரை. தனியார் பள்ளியில் பழைய தேதியைக் காட்டித் தட்டிக்கழித்தால், அமைச்சக அறிவிப்பின் நகலை நீட்டுங்கள். அரசுப் பள்ளிக்கு டெட் மட்டும் போதாது. 2018 அரசாணை 149-இன்படி தனியே போட்டித் தேர்வு உண்டு. அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காமல் இப்போதே படிக்க ஆரம்பியுங்கள்.