கொக்கியில் மாட்டும் முன்: வாங்குவோர் கேள்வி-பதில்

பிக்கப் வண்டிக்குப் பின்னால் சின்னதாக ஒரு டிரெய்லரை மாட்டி, நினைத்த இடத்தில் நிறுத்திப் படுத்துறங்கும் ஆசை நம் பக்கமும் வந்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். நீண்டவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இசுசு வி-கிராஸ் இருக்கிறது. இரண்டு பேர் படுக்கிற மாதிரி கேம்பிங் டிரெய்லர் ஒன்றை ஒரு பட்டறையில் நாலு லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறேன். எடை 600 கிலோதான் என்கிறார்கள். என் வண்டி யானையையே இழுக்கும். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: 600 கிலோ என்று சொன்னது யார்? எந்த எடை மேடையின் சீட்டு அது?

இது என்னுடைய பழைய எரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தில் ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்தால் நாம் விடுவதில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்றால் மீட்டரைத் திருப்பிக் காட்டச் சொல்கிறோம். அதே ஆள் நாலு லட்சத்துக்கு ஒரு பெட்டி வாங்கும்போது எடையை வாய்ச்சொல்லில் வாங்கிக்கொண்டு வருகிறார். ரைஸ் மில் உள்ள ஊரிலெல்லாம் எடை மேடை இருக்கிறது. டிரெய்லரை ஏற்றி, சீட்டை வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள்.

அதுவும் காலிப் பெட்டியின் எடைதான். 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. பேட்டரி, அடுப்பு, மெத்தை, பாத்திரம், அரிசி மூட்டை, உங்கள் வீட்டம்மா 'இதுவும் இருக்கட்டும்' என்று வைக்கிற மூன்று பைகள் எல்லாம் சேர்ந்தால் 600 என்பது 850 ஆவது பெரிய காரியமில்லை.

இழுப்பது இன்ஜின் வேலை. அதில் உங்கள் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. நிறுத்துவது பிரேக் வேலை. அந்த பிரேக் உங்கள் வண்டியையும் அதன் சுமையையும் கணக்குப் பண்ணி வைத்தது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்கென்று சொந்த பிரேக் இருந்தாக வேண்டும். உங்கள் பெட்டியில் பிரேக் இருக்கிறதா? பட்டறைக்காரர் 'எதுக்கு சார், சின்ன வண்டிதானே' என்று சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 850 கிலோவுக்கு 85 கிலோ. அது உங்கள் பிக்கப்பின் பின் ஆக்சிலில் உட்காரும். வண்டி தாங்கும் சுமைக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். நெல் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசில் டிரெய்லரின் மூக்கை வைத்தாலே அந்த எடை தெரிந்துவிடும். உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் கையேட்டில் பாருங்கள், இல்லையென்றால் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். யானைக் கணக்கு உதவாது.

கடைசியாக, காகிதம். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர். விற்பனைச் சான்றான பாரம் 21, தயாரித்தவர் தரும் சாலைத் தகுதிச் சான்றான பாரம் 22 இரண்டையும் தருவாரா என்று கேளுங்கள். தராதவரிடம் வாங்கினால் நாலு லட்சத்துக்குக் கொல்லையில் ஒரு கோழிக்கூண்டு கிடைக்கும்.

கேள்வி: டாடா ஏஸில் கொக்கி வைத்து டிரெய்லர் இழுக்கலாமா? லேத்தில் மூவாயிரத்துக்கு வைத்துத் தருகிறார்கள்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். மூவாயிரத்துக்கு நல்லதாக ஒரு தார்ப்பாய் வாங்குங்கள்.

கேள்வி: டிரெய்லரின் கப்ளரில் (மூக்கில் கொக்கிக் குண்டைக் கவ்வும் கிண்ணம்) 50 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. கொக்கிக் குண்டை இணையத்தில் வாங்கலாமா? பாதி விலைதான்.
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வாங்குங்கள், ஆனால் வெர்னியர் காலிப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். '50 மி.மீ.' என்று பெட்டியில் அச்சடித்து எனக்கு வந்த குண்டு, அளந்தபோது 47 மி.மீ.யும் சொச்சமும் இருந்தது. அமெரிக்காவில் 1⅞ அங்குலம் என்று ஓர் அளவு உண்டு, அதுதான் இது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாட்டினால் 'டக்' என்று உட்காரவும் செய்யும். ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடும். இப்போது அது என் மேசையில் காகிதம் பறக்காமல் காக்கிறது. குண்டு எதுவானாலும் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டியிருக்க வேண்டும். கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தொங்கும்.

கேள்வி: என் கணவர் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, பிக்கப்பில் இழுத்துப் போகும் டிபன் டிரெய்லர் செய்யச் சொல்லி ஒரு பட்டறையில் இரண்டே முக்கால் லட்சம் கொடுத்தார். நகையை அடகு வைத்த பணம். மூன்றாவது வாரமே ஆக்சில் வெல்டிங் விட்டுவிட்டது. பதிவுக்கான காகிதமும் தரவில்லை. கேட்டால், 'வியாபாரத்துக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் செல்லாது' என்கிறார்.
– வாசகி, திருவாரூர்

பதில்: செல்லும் அம்மா. அவர் உங்களை மிரட்டிப் பார்க்கிறார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வியாபார நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கியதை அந்தச் சட்டமே வியாபாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் கணவரே நின்று தோசை வார்க்கிறார் என்றால் அவர் நுகர்வோர்தான். புகாரில் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில கடைக்காரர்கள் அந்த ஒரு போனுக்கே இறங்கி வருவார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: விட்டுப்போன வெல்டிங்கைப் பல பக்கத்திலிருந்து படம் எடுங்கள். வேறு யாரிடமும் கொடுத்துச் சரிசெய்துவிடாதீர்கள், சாட்சியே அதுதான். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் பேசியது, எதையும் அழிக்காதீர்கள். காகிதம் கேட்டும் ஆக்சிலைப் பற்றியும் ஒரு பதிவுத் தபால் அனுப்பி, ரசீதை வையுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: தஞ்சை–திருச்சி நான்குவழிச் சாலையில் 80-இல் போகும்போது டிரெய்லர் வாலை ஆட்டுகிறது. தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாம் இடம் இருக்கிறதே என்று பின்பக்கம் வைத்திருக்கிறோம்.
– வாசகர், வல்லம்

பதில்: கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். பின்பாரம் ஏறினால் மூக்கு லேசாகும், வால் ஆடும். கனமானதெல்லாம் ஆக்சிலுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். பாரத்தை மாற்றும் வரை 80 வேண்டாம். லாரி கடந்து போகிற காற்றுக்கே ஆடும்.

கேள்வி: ஏழு மாதம் முன் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். ஆர்.சி. இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற அவர் கையெழுத்துப் போட்ட வெற்று பாரம் என்னிடம் இருப்பதால் பயமில்லை. டிரெய்லருக்குக் கொக்கி வைக்கலாம் என்று…
– வாசகர், பாபநாசம்

பதில்: கொக்கி இருக்கட்டும், முதலில் வண்டி யாருடையது? விற்றவர், விற்றதைத் தெரிவிக்கும் பாரம் 29-ஐ 14 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்றவும் 14 நாள்தான். ஏழு மாதம் என்ன செய்தீர்கள்? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாளை உங்கள் வண்டி யார் மேலாவது மோதினால், விற்ற மனிதர் கோர்ட்டுக்கு அலைவார். உங்களுக்குப் பயமில்லைதான், அவருக்கு இருக்கட்டுமே என்கிறீர்களா? பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வண்டியின் பேரில் கடன் நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால், ஃபைனான்ஸ்காரரின் கையெழுத்து இல்லாமல் வெற்று பாரத்தை வைத்து வடைதான் மடிக்கலாம்.

கேள்வி: பழைய டிரெய்லர், ஆனால் டயர் புத்தம் புதுசு, முள்கூட தேயவில்லை. நம்பலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம். நின்றுகொண்டே இருக்கும் டிரெய்லரில் டயர் தேயாது, வெயிலில் வெடித்துக் கிழடாகும். கடற்கரை ஊர் என்பதால் வீல் பேரிங்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட கிரீஸின் நிறமே வேறு.

கேள்வி: தோப்பு வரைக்கும் வெண்ணாற்றங்கரைச் சாலைதான். டிரெய்லரோடு போக முடியுமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: போகலாம். எதிரில் கதிர் அறுக்கும் மிஷின் வந்தால் என்ன செய்வீர்கள்? டிரெய்லரோடு பின்னால் வருவது தனி வித்தை. மூக்கு ஒரு பக்கம் திரும்பினால் வால் மறுபக்கம் போகும். உங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டும் தம்பி யாராவது ஒரு கையால் சிகரெட் பிடித்துக்கொண்டு அதைச் செய்வார். அறுப்பு முடிந்த வயலில் அவரிடம் இரண்டு நாள் கற்றுக்கொள்ளுங்கள், மழைக்கு முன். நம் களிமண்ணில் ஈரம் இறங்கிய பிறகு டிரெய்லரை எடுக்க அதே டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டிவரும்.

கேள்வி: முதல் பயணமாக டிரெய்லரோடு கொல்லிமலை போகலாம் என்று இருக்கிறோம். டிப்ஸ் சொல்லுங்கள்.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: 70 கொண்டை ஊசி வளைவு. டிரெய்லரை அடிவாரத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.