மரக் குடுவை கடைகிறேன், ஆனால் வடிவம் அழகாக வரவில்லை. என்ன செய்வது?

உள்ளே குடைவது கைக்கு வந்துவிட்டது, குடுவைதான் பார்க்கக் கனமாக, மொத்தையாக நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சின்ன லேத் (மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்) வாங்கிப் போட்டு, காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் கோளாறு அநேகமாக அடிப்பக்கத்தில்தான். லேத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக் பிடித்த இடத்தின் அகலத்தையே குடுவையின் அடியாக விட்டிருப்பீர்கள். வாயையும் கழுத்தையும் எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. அடியைக் குறுக்குங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய பூவரசு சாய்ந்தது. தென்னை போன கவலையில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விறகுக்குப் போகவிருந்த அடிமரத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். நெடுக்காகப் பிளந்து, நட்டநடுத் தண்டை முதலில் நீக்கினேன். அதை விட்டுவைத்தால் காயும்போது அங்கிருந்துதான் வெடிக்கும். பச்சை மரமாக இருக்கும்போதே வெளியே தோராயமாகக் கடைந்து, சுவர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்கும்படி உள்ளே குடைந்து, அந்தச் சீவலோடு காகிதப் பையில் போட்டுக் கட்டி வைத்தேன். மாதக்கணக்கில் காய்ந்தபின் எடுத்தால் வட்டம் கோணியிருந்தது. கோணத்தான் செய்யும். மறுபடி கடைவதற்காகத்தானே அவ்வளவு கனம் விடுகிறோம்.

வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அடி கனத்துக் கெடக்கே தம்பி, கொடம் இப்படியா உக்காரும்?" என்றார். லேத்தையே அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர். அவர் சொன்னது அப்படியே சரி. அடியை வயிற்றகலத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறுக்கினேன். வயிறு சரியாகப் பாதி உயரத்தில் இருந்தது. அதைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். அவ்வளவுதான், குடுவை எழுந்து நின்றது.

கடையும்போது உளிமுனையைப் பார்க்காதீர்கள். பின்னால் வெள்ளைச் சுவரோ அட்டையோ இருந்தால் சுழலும் மரத்தின் மேல்விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். கண் அதில் இருக்கட்டும். பிறகு லேத்தை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடுவையின் தோளிலிருந்து, அதாவது கழுத்துக்குக் கீழே வளைகிற இடத்திலிருந்து, கீழே விரல்களை ஓட்டுங்கள். என் பூவரசில் தோளுக்குக் கீழே இரண்டு விரலகலம் வளைவே இல்லாமல் சப்பையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் பள்ளம்தான் விழும். உளியை நன்றாகத் தீட்டி, வயிற்றிலிருந்து அடிவரை ஒரே ஓட்டமாக மெல்லிசாக இறக்க வேண்டும். நார் நெடுக்காக ஓடுகிற துண்டில் பெரிய விட்டத்திலிருந்து சிறியதை நோக்கிப் போனால்தான் பிசிறாது. இதெல்லாம் முடிந்த பிறகே உள்ளே கடைசிக் குடைவு. உள்ளே மெல்லிசாக்கிவிட்டு வெளியே திருத்தப் போனால் உளி சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

மூன்றில் ஒரு பங்கு என்பதை வேதவாக்காகச் சொல்லவில்லை. அம்பாசமுத்திரத்தில் தலைமுறையாகச் சொப்புச் சாமான் கடைகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது, அவர்கள் கண்ணே அளவுகோல். தனியாகக் கற்றுக்கொள்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் மனதில் கிடக்கிறது. ஒரு கண்காட்சியில் இந்தக் குடுவைகளை வைக்க இடம் கேட்டபோது, "மெஷின்ல செஞ்சது கைவினையில வராது சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மோட்டார் மரத்தைச் சுற்றிவிடும். எங்கே நிறுத்துவது, எவ்வளவு சீவுவது என்று அதற்கு என்ன தெரியும்? அதே அரங்கில் அச்சில் வார்த்த பொம்மைகளுக்கு இடம் இருந்தது. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குடுவையை மேசையில் வைத்து, கேமராவை அதே உயரத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மேலிருந்து எடுத்தால் அடி தெரியாது.