கேனரிக் குஞ்சு பொரித்த முதல் மாதம்: கேள்வி பதில்

கூண்டில் வளர்க்கிற சின்னப் பாட்டுப் பறவையான கேனரியை மார்கழி குளிரில் ஜோடி சேர்த்தவர்கள் வீட்டில் இப்போது குஞ்சு பொரிக்கிற நேரம். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். விலை, நிறம், எங்கே வாங்குவது என்பதெல்லாம் இன்று வேண்டாம்.

கும்பகோணம்: காலையில் இரண்டு குஞ்சு பொரித்தது அண்ணே. தாய் ஊட்டவே இல்லை. நான் சிரிஞ்சில் கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி, பொறுங்கள். பொரிக்கும்போதே குஞ்சின் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். முதல் பல மணி நேரத்தை அதுவே ஓட்டிவிடும். அந்த நேரத்தில் அதற்குத் தேவை தாயின் சூடுதான். நீங்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க அவள் கூட்டை விட்டு எழுந்திருப்பாள், குஞ்சு சில்லிட்டுப் போகும். சில்லிட்ட குஞ்சு வாயைத் திறக்காது. வாய் திறக்காத குஞ்சுக்குத் தாய் ஊட்டமாட்டாள்.

ஊட்டினாளா என்று தெரிந்துகொள்ள, அவள் தானாக இரை எடுக்க இறங்கும்போது ஒரு தடவை பாருங்கள். குஞ்சின் தோல் கண்ணாடி மாதிரி மெல்லியது. கழுத்தின் பக்கத்தில், தோலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு புடைப்பு தெரிந்தால் இரைப்பை நிறைந்திருக்கிறது. வேலை முடிந்தது, நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் வேலை முட்டை உணவு. கோழி முட்டையைப் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, மசித்து, ரஸ்க் தூளோடு உதிரியாகக் கலந்து வையுங்கள். கையில் பிடித்தால் ஒட்டக் கூடாது. விடியும் முன்பே கூண்டில் இருக்க வேண்டும். இரவு முழுக்கக் காய்ந்த குஞ்சுக்கு முதல் வெளிச்சத்தில் கிடைக்கிற வாய்தான் முக்கியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பழசை எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுசு வைக்க வேண்டும்.

மறுநாள் மதியமும் இரைப்பை காலியாகவே இருந்தால், அதே நாளில் பொரித்த குஞ்சு உள்ள வேறு தாயிடம் சேர்ப்பதுதான் முதல் வழி. அதற்கும் வழியில்லை என்றால்தான் கையால் ஊட்டுவது. அப்போதும் முதலில் குஞ்சை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுங்கள். உடம்பு சில்லென்று இருக்கும்போது ஊட்டினால் செரிக்காது. செத்துவிட்டது என்று நினைத்த குஞ்சுகூட கைச்சூட்டில் அசைவதுண்டு. சூடேறிய பிறகு, விடிந்ததிலிருந்து இரவு வரை மணிக்கு ஒரு தடவை, வெதுவெதுப்பான நீர்த்த உணவைத் துளித்துளியாக. வேலைக்குப் போகிறவர்களால் ஆகாத காரியம்.

திருவாரூர்: நான்கு முட்டையில் மூன்று பொரித்துவிட்டது. நான்காவதை உடைத்துப் பார்க்கலாமா சார்?

உடைக்காதீர்கள். கேனரி தினம் ஒரு முட்டை வைக்கும். அடையில் உட்கார்ந்த நாளிலிருந்து 13, 14 நாளில் பொரிக்கும். முதல் முட்டையிலேயே உட்கார்ந்திருந்தால் கடைசி முட்டை பின்தங்கித்தான் வரும். இரண்டு நாள் விடுங்கள். அடுத்த முறை முட்டையிடும்போது, முதல் மூன்று முட்டையை வைக்க வைக்க எடுத்து, பஞ்சு போட்ட கிண்ணத்தில் பத்திரப்படுத்தி, பதிலுக்குப் பிளாஸ்டிக் முட்டை வையுங்கள். நான்காவது முட்டை வந்த காலையில் எல்லாவற்றையும் திருப்பி வைத்தால் ஒன்றாகப் பொரிக்கும். கடைக்குட்டி மூத்ததுகளின் காலடியில் மிதிபடாது.

மன்னார்குடி: வயலை ஒட்டின வீடு, சாயங்காலம் ஆனால் கொசு மொய்க்கிறது. கூண்டுக்குப் பக்கத்தில் கொசுவர்த்தி வைக்கலாமா?

கூண்டு இருக்கிற அறையில் எந்தப் புகையும் கூடாது. கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் சட்டி எதுவும் கூடாது.

ஆனால் கொசுவைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். கேனரி அம்மை கொசு வழியாகப் பரவுகிறது. கண்ணோரத்திலும் காலிலும் கொப்புளம் வரும். மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் பறவை பிழைப்பது அரிது. நோயை அழிக்கிற மருந்து கிடையாது. அதனால் கொசுவலைதான். கூண்டு முழுக்கப் போர்த்தி, அடியில் செருகி, சூரியன் சாய்வதற்கு முன்பே மூடிவிடுங்கள். கொல்லையில் தண்ணீர் தேங்கின கொட்டாங்கச்சி, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

மயிலாடுதுறை: கொசுவர்த்தி ரசாயனம், சரி. வேப்பிலைப் புகை இயற்கையானதுதானே? எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தலைமுறையாகப் போடுகிறோம்.

கொட்டகை நான்கு பக்கமும் திறந்தது. மாடு நானூறு கிலோ. கேனரி இருபது கிராம் சொச்சம், குஞ்சு அதில் ஒரு சிட்டிகை. இலை எதுவானாலும் எரிந்தால் வருவது புகைதான்.

மயிலாடுதுறை: எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுகிறோம், பறவைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நீங்கள் ரொம்ப பயமுறுத்துகிறீர்கள்.

இதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன் ஐயா. பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி இல்லை. காற்றுப் பைகள் இருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று ஒரே திசையில் நுரையீரல் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். பறக்கத் தேவையான பிராணவாயு அப்படித்தான் கிடைக்கிறது, நஞ்சும் அதே வேகத்தில் உள்ளே போகிறது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரியைக் கொண்டுபோனதற்குக் காரணமே இதுதான். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் தொழிலாளிக்கு உறைப்பதற்கு முன்பே பறவை குச்சியில் தள்ளாடும். 1986இல் மின்னணுக் கருவிகள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் வரை இது நடந்தது.

பெரிய பறவை நன்றாகத் தெரிவது உண்மையாக இருக்கலாம். அது குச்சியிலிருந்து பறந்து ஜன்னல் பக்கம் போய்விடும். கண் திறக்காத குஞ்சு கூட்டுக் கிண்ணத்துக்குள் இருந்து எங்கே போகும்? சாம்பிராணி போட்ட அன்று இரவு கூண்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். மூச்சில் 'டிக் டிக்' சத்தம், வால் ஏறி இறங்குவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது ஏதாவது இருந்தால் பறவை நன்றாக இல்லை. பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை, கூண்டை வேறு அறைக்கு மாற்றச் சொல்கிறேன்.

மன்னார்குடி: அப்போ பிளக்கில் செருகுகிற கொசு லிக்விட்?

அதுவும் வேண்டாம். வலை.

வலங்கைமான்: குஞ்சுக்குக் கையால் எப்படி ஊட்டுவது?

முதல் பதிலைப் படியுங்கள்.

பட்டுக்கோட்டை: கூடு கட்டத் தேங்காய் நார் தரலாமா?

தாராளமாக, நம்மிடம் இல்லாததா. கழுவிக் காயவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். நீள நார் குஞ்சின் காலில் சுற்றி விரலையே தின்றுவிடும்.

திருவையாறு: நேற்றுக் காற்றில் தென்னையிலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு விழுந்துவிட்டது. முட்டை உணவு கொடுக்கலாமா?

கிளி நம் நாட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்க முடியாது. அட்டைப் பெட்டியில் துணி போட்டு வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம்: ஆறு நாள் குஞ்சுகள் வெளுத்துப்போய்ச் சோர்ந்து கிடக்கின்றன. இரைப்பை நிறைந்துதான் இருக்கிறது.

வாய்க்குள் பாருங்கள் அக்கா. நல்ல குஞ்சின் வாய் ரத்தச் சிவப்பாக இருக்கும். வெளிறியிருந்தால் செவ்வுண்ணி என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பகலில் கிண்ணத்தின் அடியிலும் குச்சி செருகின பொந்திலும் ஒளிந்திருக்கும். இரவில் வந்து ரத்தம் குடிக்கும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்துக் கிண்ணத்தின் அடியை வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புத் தீற்றல் இருந்தால் அதேதான். புதுக் கிண்ணம், புது நார் போட்டு இன்றே குஞ்சுகளை மாற்றுங்கள், கூண்டின் மூலை முடுக்கெல்லாம் வெந்நீர் ஊற்றுங்கள். பூச்சிமருந்தை நீங்களாக அடிக்காதீர்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

திருத்துறைப்பூண்டி: வரப்புக் கீரை, புல்லெல்லாம் கொடுக்கலாமா?

மருந்தடிக்கிற வயல் பக்கத்தில் எதையும் பறிக்காதீர்கள். தொட்டியில் வளர்த்த கொத்தமல்லி போதும்.

பாபநாசம்: மூன்றாம் நாள் குஞ்சுக்குச் சிரிஞ்சில்...

தாய் ஊட்டுகிறாளா? அப்படியானால் சிரிஞ்சைத் தூக்கி உள்ளே வையுங்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுதமாட்டேன்.

திருவிடைமருதூர்: இருபது நாள் குஞ்சு, ஆணா பெண்ணா?

பார்த்துச் சொல்ல முடியாது. ஆண் பாடத் தொடங்கும்போது தெரியும்.

தஞ்சாவூர்: குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிவிட்டன. தாய் இறகைப் பிடுங்குகிறாள். எப்போது பிரிக்கலாம்?

அவள் அடுத்த கூட்டுக்குத் தயாராகிவிட்டாள். பஞ்சு கிடைக்காததால் பிள்ளைகள் இறகைப் பிடுங்குகிறாள். நாரும் பஞ்சும் நிறையப் போடுங்கள். கூண்டின் நடுவே கம்பித் தடுப்பு வைத்துக் குஞ்சுகளை ஒரு பக்கம் விட்டால், கம்பி வழியாகத் தகப்பன் ஊட்டுவான். முழுசாகப் பிரிக்க நான்கு வாரத்துக்கு மேல் ஆக வேண்டும். நாளை மட்டும் எண்ணாதீர்கள், தட்டைப் பாருங்கள். குஞ்சு தினையைக் கொத்துவது போலத் தெரியும், ஆனால் வெறுமனே உருட்டிக்கொண்டிருக்கும். அது உட்கார்ந்த இடத்துக்குக் கீழே உரித்த உமி விழுந்திருந்தால்தான் தின்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் முட்டை உணவைச் சட்டென்று நிறுத்தாமல், இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.