'பைட்' என்றால் கடி இல்லை

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "பையன் கப்பல் டெக் வேலைக்கு ஜிபி ரேட்டிங் (அதிகாரி இல்லாத கப்பல் ஊழியர் பயிற்சி) படிக்கப் போறான். முடிச்சுப் பாடத்துல ஒரே மாதிரி ஒலிக்கிற இங்கிலீஷ் வார்த்தைகள் குழப்புதாம். கோயமுத்தூர்ல ஒரு சென்டர்ல இதுக்குன்னே வகுப்பு, 15,000 கேக்கறாங்க. சேர்க்கலாமா?"

வேண்டாங்க. ஒரு முழம் கயிறு போதும்.

'நாட்' என்றால் முடிச்சு, 'இல்லை' என்பதும் 'நாட்' தான். முடிச்சுக்கு முன்னால் ஒலிக்காத ஒரு 'கே' நிற்கும், அவ்வளவுதான். கப்பலின் வேகத்தை அளப்பதும் 'நாட்' தான், ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். உயிர்ப் பிரச்சனை 'பைட்' தான், இங்கிலீஷில் கடிக்கும் இதே ஒலி, எழுத்துதான் வேறு. கயிற்றின் இரண்டு நுனியையும் விட்டுவிட்டு நடுவில் வளைந்து கிடக்கிற பகுதிதான் இந்த 'பைட்'. "பைட்டுக்குள் நிற்காதே" என்று கத்தினால் கடி நினைவு வரக் கூடாது, கால் உடனே வெளியே வர வேண்டும், ஏனென்றால் கயிறு இழுபடும்போது அந்த வளைவு காலைச் சுருட்டிக்கொண்டு போகும்.

அப்புறம் 'போலின்' என்கிற முடிச்சு. எழுத்தைப் பார்த்துப் 'பௌலைன்' என்று படிப்பார்கள். நம் உருவாஞ்சுருக்கு இழுக்க இழுக்க இறுகும், இது இறுகாத கண்ணி. ஆனால் பாரம் இல்லாமல் ஆடினால் தளரும். பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பில் பிடித்துக்கொள்ளும், நைலான் வழுக்கும், அதனால் நைலானில் வால் நுனியைக் கயிற்றுத் தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்காவது விட்டு, அந்த வாலை இன்னொரு முடிச்சால் பூட்டச் சொல்லுங்கள். நைலான் என்றால் ஒவ்வொரு முறையும், அவசரமாக இருந்தாலும்.

கயிற்றைக் கையில் கொடுக்காமல் வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் முறை எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. மாட்டுக்குத் தும்பு கட்டிப் பழகிய பையனுக்கு, ஒவ்வொரு முடிச்சையும் பத்துத் தடவை போட்டு ஒவ்வொரு தடவையும் பேரைச் சத்தமாகச் சொன்னாலே மனதில் நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய கண்ணி வெளியே இருக்கிறது. இதே மாதிரி சென்டர்களைச் சுற்றித்தான் "வேலையும் வாங்கித் தர்றேன், இத்தனை லட்சம் கொடுங்க" என்கிற புரோக்கர்களும் வருவார்கள். கப்பலுக்கு ஆள் எடுப்பவருக்கு ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும், வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. யாருக்காவது பணம் கொடுக்கும் முன் டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) இணையதளத்தில் பயிற்சி நிலையத்தின் பேர் இருக்கிறதா என்று பாருங்கள், புரோக்கர் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.