விக்கிப்பீடியாவில் எழுதிவந்த பத்திரிகையாளர் மறைந்தால், அவர் எழுதியவை என்னவாகும்?

அப்படியே இருக்கும். 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் பயனர் என்பவர், சம்பளம் வாங்காமல் கட்டுரைகளை எழுதித் திருத்துகிறவர். ஒவ்வொரு திருத்தமும் அவர் பெயர், தேதி, நேரத்தோடு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. நள்ளிரவில் விழித்திருந்து ஒரே ஒரு ஒற்றெழுத்தைச் சரிசெய்திருந்தால் அதுகூட அங்கே தெரியும். மறைந்தவரை நினைக்கும்போது என் நெஞ்சைத் தொடுவது அந்தச் சின்ன வரிதான்.

யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தில் சேமிப்பதால், அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடரலாம். பல பேர் சேர்ந்து கட்டும் சுவர் மாதிரி. கொத்தனார் போய்விட்டாலும் அவர் வைத்த கல்லின் மேல்தான் அடுத்த வரிசை ஏறும்.

அப்புறம், பத்திரிகையாளர் என்பதால், அவர் தான் நேரில் கண்டதை எழுதியிருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஏற்கெனவே வெளியான சான்றைக் காட்டித்தான் அங்கே அவரும் எழுத வேண்டும்.