காத்தாடி வேலை: நம்ம கடற்கரையிலிருந்து வந்த கேள்விகள்

காற்றாலை வேலை பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைப் பற்றி: சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடி பக்கம், ஐடிஐ ஃபிட்டர். இறக்கை ஏற்றும் ட்ரெய்லரில் கை ஆளாகத் தொடங்கி, இப்போது பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன்.

அண்ணே, நம்ம கடலுக்குள்ளேயே காத்தாடி நடப்போறாங்களாமே? அதுக்கு இப்பவே படிச்சு வைக்கலாமா? (மூக்கையூர்)

தம்பி, பேச்சு பழசு. கடல் காற்றாலைக் கொள்கை 2015-லேயே வந்துவிட்டது. 2024 ஜூனில் குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் என்று 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனால் நம் நாட்டுக் கடலில் இன்றுவரை மின்சாரம் தரும் காத்தாடி ஒன்றுகூட நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அதைச் சுற்றி உங்கள் அப்பா வலை விடும் இடம். அந்தக் கணக்கெல்லாம் தீர வேண்டும். அதனால் தரையில் நிற்கும் காத்தாடியைப் படி. கடல் வந்தால் ஒரு கூடுதல் பயிற்சிதான், அதில் நீ மற்றவர்களைவிட நாலு எட்டு முன்னால் இருப்பாய்.

காக்கா (அண்ணா), எங்களிடம் இரண்டு டாரஸ் லாரி இருக்கு. இறக்கை ஏத்துற ஓட்டத்துக்கு விடலாமா? (கீழக்கரை)

இறக்கை டாரஸில் போகாது காக்கா. தூத்துக்குடி துறைமுகத்தில் 80 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இறக்கையெல்லாம் கையாண்டிருக்கிறார்கள். அதற்கு இழுத்து நீட்டும் ட்ரெய்லர் வேண்டும், பின் அச்சு தனியாகத் திரும்ப வேண்டும், அளவு மீறிய சுமைக்கான அனுமதி வேண்டும், முன்னால் பைலட் வண்டி வேண்டும். அதற்கும் முன்னால் ரூட் சர்வே. எந்த வளைவில் எந்த மதில் இடிக்கும், எங்கே ஈபி கம்பி தாழ்ந்து கிடக்கிறது, எந்தப் பாலம் எவ்வளவு தாங்கும் என்று ஒருவர் டேப்பும் குச்சியுமாக ஊர் ஊராக நடப்பார்.

நான் பார்த்த ஒரு இரவைச் சொல்கிறேன். ஒரு ஊர் முக்கில் இறக்கையின் வால் திரும்பவில்லை. டிரைவர் முன்னால் அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார். பின் அச்சைத் திருப்புகிற ஆள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடக்கிறார். வால் டீக்கடைத் தகரத்துக்கு மேலே மெதுவாகப் போகிறது. கடைக்காரர் பாய்லரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, 'இன்னும் ஒரு முழம் வாங்க' என்று தன் பங்குக்கு வழி சொல்கிறார். ஒரு மணி நேரம் ஆனது. அந்த முக்கைத் தாண்டிய பிறகுதான் எல்லோரும் டீ குடித்தோம்.

உங்கள் லாரிக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய கிரேன் முழுசாக வராது, துண்டு துண்டாகப் பல வண்டிகளில் வரும். அடித்தளத்துக்கு ஜல்லி, எம்-சாண்ட், கம்பி, தண்ணீர் வேண்டும். ஒரு காத்தாடி அடித்தளத்துக்கே சில நூறு கன மீட்டர் கான்கிரீட் போகும், அதையும் இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். அந்த நாளில் நேரத்துக்கு வருகிற லாரிக்காரருக்குத்தான் மரியாதை.

காலத்தையும் பாருங்கள். மே பிறந்தால் கச்சான் காற்று, அதாவது பலமான மேல்காற்று. காற்று வினாடிக்குப் பத்து மீட்டரை நெருங்கினாலே இறக்கையைத் தூக்கத் தயங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கமுதி, முதுகுளத்தூர் கரிசலில் கிரேன் புதைந்துவிடும். ஆக, தை முதல் சித்திரை வரைதான் ஏற்றும் வேலை மும்முரம். வருஷம் முழுக்க ஓட்டம் கிடைக்கும் என்று நம்பிப் புது வண்டிக்குக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

அண்ணா, ஐடிஐ எலக்ட்ரீசியன் முடித்திருக்கிறேன். பெண்களை அப்ரண்டிஸாக எடுப்பார்களா? எவ்வளவு தருவார்கள்? (பரமக்குடி)

எடுக்கிறார்கள் தங்கச்சி, எண்ணிக்கைதான் குறைவு. துணைமின் நிலையம், கண்காணிப்பு அறை, பராமரிப்பு மூன்றுக்கும் கேள். 2019 விதித் திருத்தமே ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தது. அதற்குக் கீழே யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. பிஎஃப் கிடையாது. தேசிய அப்ரண்டிஸ் இணையதளத்தில் உன் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பார்க்காமல் சேராதே. பதிவில்லாமல் வேலை பார்த்தால் கடைசியில் சான்றிதழ் வராது. அப்புறம், கூச்சப்படாமல் கேள்: சைட்டில் கழிப்பறை உண்டா, இரவு திரும்ப வண்டி உண்டா?

தம்பி, 60 ஆயிரம் கட்டினால் பயிற்சியும் வேலையும் உறுதி என்கிறார்கள். பையனைச் சேர்க்கட்டுமா? (தேவிபட்டினம்)

வேண்டாம் ஐயா. பயிற்சிக்குப் பணம் வாங்குவது தப்பில்லை, 'வேலை உறுதி' என்பதுதான் தப்பு. நானும் ஒரு இடத்தில் அப்படிக் கட்டி ஏமாந்தவன். லேமினேட் செய்த அழகான அட்டை கொடுத்தார்கள், எந்த சைட் கேட்டிலும் செல்லவில்லை. அந்த அட்டை இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

பெரிய நிறுவனங்கள் கேட்பது ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற உலகக் காற்றாலை அமைப்பு) அடிப்படைப் பாதுகாப்புச் சான்று: முதலுதவி, தீ, சுமை தூக்குதல், உயரத்தில் வேலை. கடலுக்கு என்றால் கடலில் உயிர் காத்தலும் சேரும். முடித்தவர் பெயர் வின்டா என்ற இணையப் பதிவேட்டில் ஏறும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 'பையன் பெயர் வின்டாவில் ஏறுமா?' என்று அவர்களைக் கேளுங்கள். மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

உப்புக் காற்றில் இரும்பு நிற்குமா? (ஏர்வாடி)

பெயின்ட் நிற்கிறவரை நிற்கும். கீறல் விழுந்த இடத்தில் அன்றைக்கே பெயின்ட் பூசிவிட வேண்டும்.

உயரம் என்றால் எனக்குப் பயம். இந்த வேலை சரிப்படுமா? (தொண்டி)

பயம் நல்லதுதான், மயக்கம் வந்தால்தான் சிக்கல். மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் பனை ஏறுகிறவர் வீட்டுப் பையன்கள் சுலபமாக ஏறுகிறார்கள். ஆனால் அவர்களிடம்தான் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டு, மாட்டு என்று அதிகம் கத்த வேண்டியிருக்கிறது. இரண்டு கயிறு, ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

மேலே போய்ச் செய்வதில் பாதி போல்ட் வேலை. ஹைட்ராலிக் ரிஞ்சில் குறித்த அழுத்தம் வரை முறுக்கி, நட்டிலிருந்து தகடு வரை மார்க்கரில் ஒரு கோடு போடுவோம். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறப் பயமாயிருந்தால் முதல் ஆறு மாதம் கீழ்த் தளத்துப் போல்ட்களையே கேட்டு வாங்கிக்கொள். அங்கேயும் நூற்றுக்கு மேல் இருக்கும்.